பச்சை அங்கிக்குள் இருந்தவள்

எதிர்க்கட்டட மாடியில் குடியிருந்தவள் முதல் தடவை என் தையல் கடைக்கு வந்தபோது ஒரு மூட்டைப் பச்சைத் துணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். தலை முதல் கால் வரை ஒரே அங்கியாகத் தைக்க வேண்டும், கைக்கு உறை, காலுக்கு உறை, தலைக்கு மூடி எல்லாம் அதே துணியில் வேண்டும் என்றாள். பட்டன், ஜிப் எதுவும் வெளியே தெரியக் கூடாதாம். துணி எங்கேயும் பளபளக்கக் கூடாதாம்.

"கண்ணுக்கு ஓட்டை எவ்வளவு பெரிசா வைக்கட்டும்?"

"ஓட்டையே வேணாங்க்கா. இதே பச்சையில வலைத்துணி கொண்டாந்திருக்கேன், அதை வெச்சுத் தெச்சுடுங்க."

"ஏன்டி, எங்கயாவது திருடப் போறியா?"

வாய்விட்டுச் சிரித்தாள். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அது என் அளவு நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் கை நீட்டியதும் வீல் என்று கத்தி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "இது என்னைத் தவிர யார்கிட்டயும் போகாதுக்கா. அதுக்குத்தான் இந்த அங்கியே" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் புருஷன் ஸ்டுடியோக்காரன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். அதில் போட்டி அதிகமாகி வரும்படி படுத்துவிட்டதால், வீட்டு முன்னறையில் சுவர் முழுக்கப் பச்சைத் துணியை இழுத்துக் கட்டி, குழந்தைகள் பார்க்கிற மாதிரி ஒரு சேனல் ஆரம்பித்திருந்தான். பச்சைக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தால், பிறகு கம்ப்யூட்டரில் பச்சையாக இருக்கிற அத்தனையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிலாவை வைக்கலாம், கடலை வைக்கலாம். அவன் குழந்தையே நிலாவுக்கும் மேகத்துக்கும் நடுவில் பறக்க வேண்டும் என்பது அவன் திட்டம். குழந்தையை அந்தரத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் பச்சையில் இருந்தால் பின்னால் இருக்கிற துணியோடு சேர்ந்து காணாமல் போய்விடுவாள்.

"பெத்தவ நீ, குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நேராவே நிக்க வேண்டியதுதானே? எதுக்கு ஒளிஞ்சு நிக்கணும்?" என்று கேட்டேன்.

"என் மூஞ்சி கேமராவுல எடுபடாதாம்க்கா. அவர் சொல்றார்" என்றாள். ஏதோ காலணி அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "என் நாத்தனாருக்கு நல்ல முகம். அவங்க முன்னாடி நின்னு பேசுவாங்க, பாடுவாங்க. நான் பின்னாடி பிடிச்சுக்கிட்டா போதும்."

எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். இருக்கட்டும். அன்றைக்கே சொன்னேன், புருஷன் சொன்னானென்று மூஞ்சியை மூட்டை கட்டி வைக்காதே என்று. அவள் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் வந்து அங்கியை வாங்கிக்கொண்டு போனாள். தெருவில் அவளுக்குப் 'பச்சை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

சேனலுக்கு 'அத்தையும் குட்டியும்' என்று பெயர் வைத்தான். குட்டிக்கான கவுன்கள் அத்தனையும் என்னிடம்தான் தைத்தார்கள். ஒவ்வொரு கவுனிலும் முதுகுப் பக்கம் ஒரு திறப்பு வைக்க வேண்டும். அம்மாக்காரி அதற்குள் கையை விட்டு, உள்ளே குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்துத் தூக்குவாள். வெளியிலிருந்து பார்த்தால் கவுனின் சுருக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு தடவை குழந்தையைக் கிளியாக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரன் ஆசைப்பட்டான். நானும் இறக்கை, வால் எல்லாம் வைத்துப் பச்சைப் பசேலென்று ஓர் உடுப்பு தைத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் உடம்பு மொத்தமும் போய், குழந்தையின் தலை மட்டும் மரத்துக்கு மரம் பறந்ததாம். துணியை எடுத்துக் கொடுத்தவன் அவன். திட்டு வாங்கியது அவளும் நானும்.

மேலே போய் ஒரு நாள் படமெடுப்பதைப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் அடைத்து, நான்கு பெரிய விளக்குகளைப் போட்டு அந்த அறை வெந்துகொண்டிருந்தது. நாத்தனார் மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தாள். இவள் அங்கிக்குள் நின்று குழந்தையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறாள். "இன்னும் மேல! முழங்கை தெரியுது! நிழல் விழுது பாரு, மரமண்டை!" என்று அவன் கத்துகிறான். குழந்தை மட்டும் வலைத்துணியின்மேல் விரலால் தடவி அம்மாவின் மூக்கைத் தேடிக் கண்டுபிடித்துக் கெக்கெக்கே என்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. குழந்தை தேவதையைப் பார்த்துச் சிரிக்கிறது என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார்கள். அத்தையின் அன்புக்கு ஈடில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

எடிட்டிங் வேலை ஸ்டுடியோக்காரனுக்குச் சீக்கிரமே சலித்துப்போனது. உட்கார்ந்து செய்கிற வேலை அவனுக்கு எப்போதுமே ஆகாது. அதையும் இவள் தலையில் கட்டினான். தலையில் குட்டிக் குட்டித்தான் கற்றுக்கொடுத்தான். குட்டு என்றால் நிஜக் குட்டு. அவள் அசரவில்லை. கம்ப்யூட்டரில் பாடம் பாடமாகப் பார்த்து, அவனுக்குத் தெரியாததையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். பச்சைத் துணியிலிருந்து வெளிச்சம் திரும்பி அடித்துக் குழந்தையின் கன்னத்தில் பச்சைச் சாயல் படியும். அதை எடுத்துவிட்டுக் கன்னத்தின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் முடி ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும், அதை இழை இழையாக எடுக்க வேண்டும். அவள் கை குழந்தையின் முன்பக்கம் வந்துவிட்டால் அங்கே ஓட்டை விழும். வேறு படத்திலிருந்து கவுனின் துண்டை எடுத்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். இதையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து எனக்குச் சொல்வாள். தையல் மாதிரிதான் என்று எனக்கும் பிடித்துப்போனது.

"இப்பப் பாருங்க. இதுல நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க" என்று போனை நீட்டுவாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவேன். மேகம் இருக்கும், யானை இருக்கும், அத்தைக்காரி பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள், குழந்தை பறக்கும். அவள் எங்கேயும் இருக்க மாட்டாள்.

"இல்லையேடி."

"அதான்!" என்று கை தட்டிக்கொள்வாள். தன்னைத்தானே துடைத்துப்போட்டதில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அப்போது எரிச்சல் வந்ததா, பரிதாபம் வந்ததா என்று இன்னமும் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் வந்திருக்கும்.

சேனல் பிரபலமாக ஆக, பறப்பதோடு நிற்கவில்லை. குழந்தை சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது எல்லாம் படமானது. அரண்மனையில் சாப்பிட்டது, அருவியில் குளித்தது. ஊட்டிவிட்டது, தண்ணீர் ஊற்றியது, தோளில் போட்டுத் தட்டியது எல்லாம் பச்சை அங்கிக்குள் இருந்தவள். படத்தில் ஸ்பூன் தானாக வரும், தண்ணீர் தானாகக் கொட்டும், பக்கத்தில் அத்தை பாட்டுப் பாடுவாள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததும் அந்த முன்னறையில்தான். பின்னால் இரண்டு பச்சைக் கைகள் பிடித்திருக்க, எதிரே நாத்தனார் கையை விரித்து உட்கார்ந்திருக்க, அம்மாவின் கையிலிருந்து விடுபட்டு அத்தையின் மடியில் போய் விழுந்தது. எடிட்டிங் முடிந்த பிறகு குழந்தை மேகத்திலிருந்து நடந்துவந்து நேராக அத்தையிடம் போனது. லட்சக்கணக்கானவர்கள் அழுதார்களாம். எடிட் செய்த இவளும் "அழுதேன்" என்றாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இன்னொரு பழக்கம் வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் எடுத்த அசல் பதிவுகளை அன்றன்றே அழித்துவிடுவாள். அசல் என்றால் அவள் பச்சை அங்கியோடு தெரிகிற பதிவு. அது கம்ப்யூட்டரில் ஏராளமான இடத்தைப் பிடிக்கும், இடம் நிறைந்தால் ஸ்டுடியோக்காரன் குதிப்பான். "முடிஞ்ச வேலையோட குப்பையை எதுக்கு வெச்சுக்கணும்?" என்பாள். சமையல் மேடையைத் துடைக்கிற மாதிரி சுத்தமாகத் துடைத்து வைத்துவிடுவாள்.

குழந்தைக்கு நான்கு வயதானது. யாராவது பிடித்துக்கொண்டால்தான் ஓடாமல் ஓரிடத்தில் இருக்கும் என்பது போய், சொன்ன இடத்தில் உட்காரப் பழகிவிட்டது. ஸ்டுடியோக்காரன் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிவந்து பச்சைப் பெயின்ட் அடித்தான். குழந்தை அதன்மேல் குப்புறப் படுத்துக் கையை விரித்தால் பறக்கிற மாதிரியே இருந்தது.

"இனிமே நீ வேணாம், ஸ்டூலே போதும். இது தலைவலின்னு மூலையில போய் உக்காராது" என்றானாம். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாளாம். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். வந்து என் கடையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு நாள் முழுக்க உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடந்தாள். சேனல் வளர்ந்ததால் எடிட்டிங் வேலை மலையாகக் குவிந்தது. குழந்தை எட்டிப் பார்த்து "அம்மா" என்றால், "ஒரு நிமிஷம்டா கண்ணு, உன்னைத்தான் பண்ணிட்டிருக்கேன்" என்பாள். குழந்தைக்குச் சாப்பாடு ஊட்ட நாத்தனார் பழகிக்கொண்டாள். பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினால்தான் அது வாயைத் திறக்கும்.

ஐந்தாவது பிறந்தநாள் வந்தபோதுதான் அவள் வாய் திறந்து ஒன்று கேட்டாள். அந்த ஒரு வீடியோவில் மட்டும் தானும் குழந்தையோடு நின்று கேக் வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா அத்தையை எவன் பார்ப்பான்? பொழப்புல மண்ணைப் போடப் பாக்கிறியா?" என்றான். அவள் இரண்டாம் தடவை கேட்டாள். கன்னத்தில் விழுந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது கதவைத் திறந்து வைத்து, "உங்க அண்ணன் வீட்டுக்குப் போ. புத்தி வந்தப்புறம் பாக்கலாம்" என்றான். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளில் கூப்பிட வருவான், குழந்தை அழுதால் வந்துதானே ஆக வேண்டும் என்று நம்பி அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

குழந்தை அழவில்லை. நான் எதிரிலேயே இருக்கிறேன், எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் சிணுங்கியது. பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள், சாப்பிட்டது.

அவன் கூப்பிட வரவே இல்லை. குழந்தையைக் கேட்டு அவள் குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். எல்லாரும் அவளிடம் தைரியம் சொன்னோம். பெற்றவள் இருக்கும்போது குழந்தையை வேறு யாருக்குக் கொடுத்துவிடுவார்கள்? அவன் வக்கீல் அதிகம் பேசவே இல்லை. ஒரு டிவியைக் கொண்டுவந்து வைத்தார். குழந்தை சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது, முதல் அடி எடுத்து வைப்பது என்று வரிசையாகப் போட்டார். எல்லாவற்றிலும் அத்தை. "இந்த நாலு வருஷத்துல குழந்தையோட அம்மா எங்க இருந்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாங்க அங்க இருந்தேன். என்னை நானே எடுத்துட்டேன்" என்றாள் இவள். நீதிபதிக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னார்கள். சரி, அசல் பதிவைக் காட்டுங்கள் என்றார். இவள் வக்கீல் இவள் முகத்தைப் பார்த்தார். "அதை அன்னன்னிக்கே அழிச்சுட்டேங்க" என்றாள்.

நான் சாட்சி சொன்னேன். அங்கி தைத்தவள் நான், ஒரு நாள் மேலே போய்ப் பார்த்தவள் நான் என்று நீட்டி முழக்கினேன். "நாலு வருஷத்துல எத்தனை தடவை மேல போனீங்க?" என்று அவன் வக்கீல் கேட்டார். "ஒரு தடவை" என்றேன். "உக்காருங்கம்மா" என்றார். அத்தனை வாய் பேசுகிற நான் அன்று மூக்கறுபட்டு வந்தேன். ஸ்டுடியோக்காரனோ முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "எங்க வீட்ல யாருமே அந்த அங்கியைப் போட்டதில்லீங்க. ஸ்டூல்தான் வெச்சு எடுப்போம்" என்று ஸ்டூலைத் தூக்கிக் காட்டினான். அவன் நன்றாக இருக்க மாட்டான்.

கடைசியில் நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தை சொன்னதை அப்படியே எழுதிப் படித்தார்கள். "அம்மா எப்பவும் கம்ப்யூட்டர்லயே இருப்பாங்க. என்னைத் தூக்குனது, நடக்கக் கத்துக்குடுத்தது எல்லாம் அத்தைதான். நான் பாத்திருக்கேன்." பொய் சொல்லவில்லை குழந்தை. அது பார்த்ததைத்தான் சொன்னது. தீர்ப்பு வரும்வரை குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும், அம்மா வாரம் ஒரு நாள் நீதிமன்ற வளாகத்து அறையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரை என் கடைக்குத் தூக்கிவந்து, சேனலில் கிடக்கிற எல்லா வீடியோவையும் ஒன்றுவிடாமல் பார்க்க ஆரம்பித்தாள். எங்கேயாவது ஒரு பிசகு இருக்காதா, விரல் நுனி தெரியாதா, நிழல் விழுந்திருக்காதா என்று தேடினாள். கண் சிவந்து நீர் வடியும்வரை தேடினாள். "இவ்வளவு சுத்தமா எதுக்குடி பண்ணித் தொலைச்சே?" என்று நான் கத்தினேன். "நல்லாப் பண்ணணும்னுதான்க்கா" என்றாள்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. அவள் எடிட்டிங் பழகிய முதல் நாட்களில் செய்தது. குழந்தை நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிறது. கையுறை நழுவியது தெரியாமல் எடுத்துவிட்டார்கள். குழந்தையின் இடுப்பில் நாலு விரல், நிஜ விரல், நன்றாகப் பதிந்திருக்கிறது. அவள் திரையில் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். 

வக்கீலிடம் கொண்டு ஓடினோம். நாலு விரலை வைத்து யார் கை என்று எப்படிச் சொல்வது என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். வேலைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணின் கை என்று எதிர்த்தரப்பு சொன்னது. சேனலிலிருந்தும் அந்த வீடியோவைத் தூக்கிவிட்டார்கள், அவள் இறக்கி வைத்திருந்தது மட்டும்தான் மிஞ்சியது. அத்தோடு அது முடிந்தது.

"கோர்ட்டு நம்ப வேணாம்க்கா. அவ நம்பினா போதும். கையைப் பாத்தா அவளுக்கு ஞாபகம் வந்துடும்" என்றாள்.

அந்த வாரம் அவளோடு நானும் போனேன். பொம்மைகள் போட்ட சின்ன அறை. கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். அவள் குழந்தையை மடியில் உட்கார வைக்கப் பார்த்தாள். அது பக்கத்து நாற்காலியில் ஏறி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. போனில் அந்த வீடியோவைப் போட்டு, விரல் தெரிகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இது யாரு கைன்னு சொல்லு பாக்கலாம்?"

குழந்தை பார்த்தது. முகம் மாறியது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது.

"அம்மா கைடா இது. அம்மாதான் உன்னைத் தூக்கி வெச்சிருக்கேன். பாரு, இந்தக் கைதான்." தன் கையை நீட்டினாள்.

"ஆளே இல்லாம கை மட்டும் இருக்கு" என்று குழந்தை அழ ஆரம்பித்தது. "பயமா இருக்கு. என்னை அது பிடிக்குது. அதை எடுத்துடும்மா!"

காவலுக்கு இருந்த பெண் உள்ளே ஓடிவந்தாள். அன்றைய ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தோடு முடிந்தது.

மறுநாள் கடையைத் திறக்கும் முன்பே வந்து நின்றாள். கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். அந்த வீடியோவை எடுத்தாள். கவுனின் ஒரு துண்டை எடுத்து விரல்கள்மேல் வைத்து, சுருக்கத்தை ஒட்டி, நிறத்தைச் சரிசெய்து, படம் படமாக நகர்த்திக்கொண்டு போனாள். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஏய், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? இருக்கிறதே அது ஒண்ணுதான்டி!"

"பயப்படுதுக்கா."

"பயந்தா பயந்துட்டுப் போகட்டும்! நீ அதோட அம்மா!"

"அதான்க்கா" என்றாள். கை நிற்கவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், மிஷினை ஓங்கி மிதித்தேன், கடைசியில் ஜாக்கெட் துணியில் மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் முடித்தாள். முன்பெல்லாம் போல என்னிடம் நீட்டித் தேடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் குழந்தை அறைக்குள் வரவே தயங்கியது. அவள் எழுந்திருக்காமல் தூரத்திலிருந்தே போனைத் திருப்பிக் காட்டினாள். குழந்தை ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தது. நட்சத்திரங்கள் ஓடின, குட்டி பறந்தாள்.

"கை போயிடுச்சா?"

"போயிடுச்சுடா கண்ணு. இனிமே வராது."

"நீயா எடுத்தே?"

"நான்தான்."

குழந்தை முகம் முழுக்கச் சிரிப்பு. மறுபடி போடச் சொன்னது. மூன்று தடவை பார்த்தது. மூன்றாவது தடவை தானாகவே வந்து அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டது. அவள் மூச்சுவிடக்கூட அசையவில்லை. கை இரண்டையும் தூக்கிக் குழந்தையைத் தொடுவதா வேண்டாமா என்று அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

"நீ எவ்ளோ நல்லாப் பண்றேம்மா. இப்ப ஒரு மாமா பண்றாங்க, எனக்கு முடியெல்லாம் பச்சையா வருது. அப்பா திட்றாங்க" என்றது குழந்தை. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எங்க வீட்டுக்கு வந்து எடிட் பண்ணிக் குடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டது.

உள்ளே ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. அவள் தூக்கிய கைகளை மெல்லத் தன் மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"வரேன்டா கண்ணு. எத்தனை மணிக்கு வரட்டும்?"

"இரு, அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றது குழந்தை.